டைப்ரைட்டர் நகரம் இவ்ரேயா: கம்பெனி போனது, ஊர் என்ன ஆச்சு?

ஒரே ஒரு கம்பெனியை நம்பி ஒரு ஊரே வளர்ந்தது. அந்த கம்பெனி சரிந்த பிறகு ஊர் என்ன ஆகும்? பதில் இத்தாலியின் வடமேற்கில் இருக்கிறது.

எங்கே இருக்கு இவ்ரேயா?
டூரின் நகரத்துக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், டோரா பால்டியா ஆற்றங்கரையில். கி.மு. 100-ல் ரோமானியர்கள் அமைத்த ஊர். அப்போது பெயர் எபோரேடியா. இன்று மக்கள்தொகை சுமார் 23 ஆயிரம்தான்.

ஒலிவெட்டி வந்த கதை
1908-ல் கமில்லோ ஒலிவெட்டி என்ற இன்ஜினியர் இங்கே டைப்ரைட்டர் ஆலை தொடங்கினார். 1911-ல் முதல் மாடல் 'எம்1' வெளிவந்தது. அடுத்து வந்த மகன் அட்ரியானோவின் கணக்கே வேறு. ஆலை லாபம் பார்த்தால் மட்டும் போதாது, தொழிலாளியின் வாழ்க்கையும் மாறணும் என்று நினைத்தார். கண்ணாடிச் சுவர் வைத்த ஆலை, நூலகம், குழந்தைகள் காப்பகம், மருத்துவ வசதி, குடியிருப்புகள் எல்லாம் வந்தன.

உலகமே பார்த்த தயாரிப்புகள்
1950-ல் வந்த 'லெட்டெரா 22', கையில் எடுத்துப் போகும் டைப்ரைட்டர். பத்திரிகையாளர்களுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. 1965-ல் 'புரோகிராமா 101', மேசை மேல் வைக்கும் புரோகிராம் கால்குலேட்டர். அப்போலோ 11 திட்டத்துக்காக நாசாவும் பயன்படுத்தியது.

எங்கே சறுக்கியது?
1959-ல் அமெரிக்காவின் அண்டர்வுட் கம்பெனியை வாங்கியதில் கடன் ஏறியது. 1960-ல் அட்ரியானோ திடீரென இறந்தார். 1964-ல் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனது. பிறகு பெர்சனல் கம்ப்யூட்டர் செய்தும், 1990-களின் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2003-ல் டெலிகாம் இத்தாலியாவோடு இணைந்தது. ஊரின் பல ஆயிரம் வேலைகள் ஏற்கெனவே போயிருந்தன.

இப்போ என்ன இருக்கு?
2018-ல் யுனெஸ்கோ இவ்ரேயாவை '20-ம் நூற்றாண்டின் தொழில் நகரம்' என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோயில், கோட்டைக்கு அல்ல. ஆலைக்கும் தொழிலாளர் வீடுகளுக்கும் கிடைத்த மரியாதை இது. கார்னிவல் நாட்களில் நடக்கும் ஆரஞ்சுச் சண்டையும் ஊருக்குக் கூட்டம் சேர்க்கிறது. கொடுங்கோலனை எதிர்த்த மாவு ஆலைக்காரரின் மகள் கதையை நினைவுகூரும் விழா அது. சண்டையில் சேராதவர்கள் சிவப்புத் தொப்பி போட்டால் அடி விழாது!

பாரம்பரியப் பட்டியல் கட்டடத்தைக் காப்பாற்றும், போன வேலையைத் திருப்பித் தராது. அந்தக் கட்டடங்களுக்குள் மறுபடி வேலை வருமா என்பதுதான் இவ்ரேயாவின் இன்றைய கேள்வி.