முள்ளந்தண்டினுள் ஒளி புகுந்த வரலாறு

நடந்தால் நோவு, உட்கார்ந்தால் சுகம். முதுமையிற் பலரை வாட்டும் இந்நோய்க்கு நெடுங்காலம் தக்க விளக்கம் கிடைக்கவில்லை. சிறிது தூரம் நடந்ததும் கால்கள் மரத்துக் கனக்கும். முன்னே குனிந்து நின்றாலோ, அமர்ந்தாலோ நோவு தணிந்துவிடும். படுக்கையிற் கிடத்திப் பரிசோதிக்கும் வைத்தியருக்குப் பெரும்பாலும் குறையொன்றும் புலப்படாது. காலின் இரத்தக்குழாய் அடைப்பென்று கருதப்பட்டோர் உளர். பாசாங்கென்று ஐயுறப்பட்டோரும் இருந்திருப்பர். நோவினும் கொடியது அவ்வையம்.

இம்மயக்கத்தைத் தெளிவித்தவர் ஒல்லாந்து தேசத்தின் யூத்ரெக்ட் நகரத்து நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட். கீழ்முதுகின் முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கியிருப்பதே காரணமென 1954ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். நிமிர்ந்து நிற்கையில் அக்கால்வாய் மேலும் நெருங்கி நரம்புவேர்களை அழுத்துகின்றது. குனிகையில் சற்றே அகலுகின்றது. நோயாளி சொன்னது மெய்யே என்பதற்கு உடலமைப்பே சாட்சியாயிற்று.

பரிகாரமோ எளிதாயிருக்கவில்லை. முதுகை நீளக் கீறி, தசைகளை என்பிலிருந்து பிரித்து ஒதுக்கி, கால்வாயை மூடிய என்புத் தகட்டை அகற்றுவதே அக்காலத்து வழி. நரம்பு விடுதலை பெறும். வழிவிட்ட தசைகளோ சேதமுறும். முதியோருக்கு இஃது அற்ப விலையன்று.

உடலைப் பிளவாமலே உள்ளே நோக்கும் எண்ணம் பழையது. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர வைத்தியர் பிலிப் பொசினி 1806ஆம் ஆண்டளவில் மெழுகுதிரியொளியைக் குழாயினுட் செலுத்தும் கருவியொன்றைச் செய்தார். வியன்னாவின் வைத்திய பீடத்தார் அதை ஏற்கவில்லை. 1931இல் நியூயோர்க்கில் மைக்கேல் பேர்மன், இறந்தோரின் முள்ளந்தண்டினுட் குழாய் செலுத்திப் பார்த்தார். ஆயினும் ஒளியும் தெளிவும் போதவில்லை. ஆங்கிலேய பௌதிக அறிஞர் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் கண்ணாடிக் கோல்களாலான வில்லைத் தொகுதியை 1959இல் வகுத்தார். ஜெர்மனியரான கார்ல் ஸ்டோர்ஸ் அதனோடு கண்ணாடியிழை வழிவரும் ஒளியை இணைத்துக் கருவியாக்கினார். முள்ளந்தண்டு வைத்தியத்திற்கு இப்பேறு ஒரு பௌதிக அறிஞரால் வாய்த்தமை கருதத்தக்கது.

1975இல் ஜப்பானியரான ஹிஜிகாத்தா, என்புகளுக்கிடையிலுள்ள வட்டின் ஒரு பகுதியை மெல்லிய குழாய் வழியே எடுத்த முறையை வெளியிட்டார். அமெரிக்காவின் பிலடெல்பியாவிற் பணியாற்றிய பர்வீஸ் கம்பின், நரம்பைத் தீண்டாது கருவி நுழையத்தக்க முக்கோண இடைவெளியை விளக்கினார். அஃது இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றது.

அப்படியாயின் கால்வாய் ஒடுக்கம் ஏன் பின்தங்கியது என நேயர்கள் வினவலாம். வட்டு மென்மையானது, இடுக்கியாற் பற்றி இழுக்கலாம். ஒடுக்கத்திலோ அகற்றவேண்டியது தடித்த நார்ப்பட்டையும் வன்மையான என்புமாம். குழாயினுள் அடங்கும் நுண்ணிய கடைகருவிகள் வந்த பின்னரே, இந்நூற்றாண்டில், அது கைகூடிற்று. பென்சிற் பருமனான குழாய், இடையறாது பாயும் உப்புநீர், திரையிற் பெருகித் தோன்றும் நரம்பு: இவையே இன்றைய சத்திரசிகிச்சைக்கூடக் காட்சி. முழங்கால் மூட்டு வைத்தியத்தைப் பின்பற்றி, ஒரு துளையாற் பார்த்து மறு துளையால் வேலை செய்யும் முறையைக் கொரிய வைத்தியர்கள் பெரிதும் வளர்த்தனர்.

இதிலும் நரம்புறை கிழிதல் நேரலாம். கை பழகுவதற்கு நெடுங்காலம் வேண்டும். முள்ளென்புகள் நிலைபெயர்ந்து தளர்ந்தோர் சிலருக்கு, திருகாணிகளால் அவற்றைப் பிணைக்கும் சிகிச்சையே இன்றும் தேவைப்படுகின்றது.