பேப்பரில் வந்ததா, பேப்பரில் போட்டார்களா?

சென்ற இதழில் மணியார்டரின் கதையை எழுதியிருந்தேன். இரண்டு பேர் படித்ததாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் என் மனைவி. இருந்தாலும் ஆசிரியர் குழு மறுபடியும் இடம் கொடுத்திருக்கிறது.

இந்த முறை எழுதக் காரணம் பி பிளாக்கில் இருக்கும் ஒரு மாணவி. ஊடகவியல் இறுதியாண்டு படிக்கிறாள். வேலை, எதிர்காலம், வணிகச் செய்தி ஆகியவை பற்றிச் சொந்தமாக யோசித்து எழுதி வரும்படி கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு நாள் மாலை நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "அங்கிள், நீங்க பேங்க்ல இருந்தவர். பிசினஸ் பக்கத்தை யார்தான் படிக்கிறாங்க? அதுல வேலைக்குப் போனா எதிர்காலம் இருக்கா?" என்று கேட்டாள்.

காபி குடித்து முடித்த பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. கோடை விடுமுறையில் ஒரு செய்தி இணையதளத்தில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். கம்பெனிகள் அனுப்பும் குறிப்புகளைச் செய்தி மாதிரி எழுதித் தருவதுதான் அவள் வேலை. அப்படி எழுதியவற்றில் ஒன்று, மாதம் இரண்டு சதவீதம் தருவதாகச் சொல்லும் ஒரு முதலீட்டுத் திட்டம். விளம்பரம் என்ற சொல் எங்கும் இல்லாமல் அது வெளியாகியிருக்கிறது. பத்து நாள் கழித்து அவளுடைய பாட்டி போனை நீட்டி, "இதுல போடலாமாடி? நியூஸ்லயே வந்திருக்கு" என்று கேட்டிருக்கிறார். எழுதியது பேத்திதான் என்று பாட்டிக்குத் தெரியாது. (இப்போது தெரியும். இருவரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.) அதே நிறுவனம் படிப்பு முடிந்ததும் வேலை தருவதாகவும் சொல்லியிருக்கிறது.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படலாம்.

வணிகச் செய்தி நம் நாட்டுக்குப் புதிது அல்ல. இன்றைய டைம்ஸ் ஆஃப் இந்தியா 1838 நவம்பர் 3-ஆம் தேதி பிறந்தபோது அதன் பெயர் 'பாம்பே டைம்ஸ் அண்ட் ஜர்னல் ஆஃப் காமர்ஸ்'. வாரம் இரண்டு முறை வந்தது. பெயரிலேயே வணிகம் இருக்கிறது, பாருங்கள். ஆனால் அது வியாபாரிக்காக அச்சடித்தது. எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு என்ன விலை என்பதெல்லாம் சரக்கு வைத்திருப்பவனுக்கு வேண்டிய செய்தி. வங்கியில் நூறு ரூபாய் போட்டு வைத்த குமாஸ்தாவோ விதவைத் தாயோ அந்தப் பக்கத்தின் வாசகர் கணக்கில் இல்லை.

அவர்கள் கணக்கில் இல்லாததன் விலை என்ன என்பது நம் சென்னைக்கு 1906-இல் தெரிந்தது. அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஊரில் பெயர் பெற்ற வெள்ளைக்கார நிறுவனம். ஜமீன்தார் முதல் ஓய்வூதியக்காரர் வரை அதில் டெபாசிட் வைத்திருந்தார்கள். லண்டனில் இருந்த அதன் கூட்டாளி சூதாட்டம் போல வியாபாரம் செய்து நஷ்டப்பட்டது இங்கே பணம் போட்டவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. கதவு மூடிய பிறகுதான் செய்தி. பங்குதாரர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. பணம் போனது போனதுதான். அந்தக் கோபத்தில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். வங்கி வந்தது. ஆனால் வங்கியின் உள்ளே நடப்பதை வெளியே நிற்பவனுக்குச் சொல்லும் செய்தியாளர் வர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. எகனாமிக் டைம்ஸும் ஃபைனான்சியல் எக்ஸ்பிரஸும் 1961-இல்தான் வந்தன. எங்கள் கிளை மேனேஜர் மேஜையில் அவற்றில் ஒன்று கிடக்கும். நாங்கள் அதன் மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிடுவோம்.

இனி 1992. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசி நாள் மன்மோகன் சிங் பட்ஜெட் படித்தார். அன்று மும்பை சென்செக்ஸ் மூவாயிரத்தைத் தாண்டியது. ஒரே மாதத்தில், மார்ச் 30-ஆம் தேதி, நாலாயிரம். ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து ஏறி ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. ஹர்ஷத் மேத்தா என்ற தரகரின் வோர்லி கடலோர வீட்டையும் லெக்சஸ் காரையும் பத்திரிகைகள் வியந்து வியந்து எழுதின. எங்கள் கிளையில் மதிய உணவு நேரத்துப் பேச்சு முழுதும் பங்குதான். யூனிட் டிரஸ்டின் மாஸ்டர்கெயின் திட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் வாங்கவே வரிசை நின்றது. நானும் நின்றேன்.

ஏப்ரல் 23 காலை டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி வந்தது. ஒரு பெரிய தரகர் ஸ்டேட் வங்கிக்குச் சுமார் 500 கோடி ரூபாய் கணக்கை நேர் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். ஐந்தே நாளில், ஏப்ரல் 28-ஆம் தேதி, ஒரே நாளில் சென்செக்ஸ் 12.77 சதவீதம் விழுந்தது.

என்ன நடந்தது என்பதை எங்கள் தொழில் மொழியில் சொல்கிறேன். ஒவ்வொரு வங்கியும் தன் டெபாசிட்டில் ஒரு பங்கை அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். குறையும் வங்கி, மிகுதியாக வைத்திருக்கும் வங்கியிடம் வாங்கும். பதினைந்து நாளில் திருப்பி விற்றுவிடுகிறேன் என்று பேசிக்கொண்டும் வாங்கும். தரகர் இருவரையும் சேர்த்துவைப்பவர், அவ்வளவுதான். காசோலை வங்கியின் பெயரில்தான் இருக்க வேண்டும், இருந்தது. ஆனால் அந்தக் காசோலைகளைத் தரகரின் சொந்தக் கணக்கில் வரவு வைக்கும் பழக்கம் மெல்ல ஊறிப்போனது. பத்திரத்துக்குப் பதிலாக, 'பத்திரம் எங்களிடம் இருக்கிறது, பிறகு தருகிறோம்' என்று எழுதிய ஒரு ரசீது போதும் என்றானது. பாங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்ற இரண்டு சிறிய வங்கிகள் கையில் பத்திரமே இல்லாமல் அந்த ரசீதுகளைக் கொடுத்தன. ரசீதைக் காட்டி வாங்கிய பணம் பங்குச் சந்தைக்குப் போனது. பங்கு ஏறும்வரை யாருக்கும் வலிக்கவில்லை.

பத்திரம் யாரிடம் எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி ஒரு லெட்ஜரில் எழுதி வைத்திருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, கையால் எழுதிய லெட்ஜர். ஸ்டேட் வங்கியின் புத்தகமும் ரிசர்வ் வங்கியின் லெட்ஜரும் டாலி ஆகவில்லை. அந்த வித்தியாசம்தான் செய்தி. எங்கள் கிளையில் அரையாண்டு முடிந்தால் இரவு பத்து மணி வரை இதைத்தான் செய்வோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறி விழுந்திருக்கிறது, 54 என்பதை 45 என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பாதியாக்கிப் பார்த்தால், பற்று வரவில் மாறிப் போன தொகை சில சமயம் அகப்படும். பதினேழு ரூபாய்க்காக இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறோம். மும்பையில் கோடிக்கணக்கில் தேட வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்குப் பார்த்து முடித்தபோது சிக்கிய தொகை 4,000 கோடிக்கு மேல்.

மாணவி இங்கே குறுக்கிட்டு, "அவங்க ஜர்னலிசம் படிச்சவங்களா?" என்று கேட்டாள். சுசேதா தலால் படித்தது புள்ளியியலும் சட்டமும். கணக்கு பார்க்கத் தெரிந்திருந்தது. வங்கிக்குள் இருப்பவர்கள் நம்பிப் பேசும் அளவுக்கு நாணயமும் இருந்தது. 2006-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காரையும் வீட்டையும் எழுதியவர்களின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை.

இதுவரை சொன்னது நல்ல செய்தியின் கதை. இனி எங்கள் வீட்டுக் கதை.

என் அக்காவின் கணவர் 1996-இல் ஓய்வு பெற்றார். அந்த நாளில் சென்னையில் தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. 22 சதவீதம், 24 சதவீதம், குத்துவிளக்கு பரிசு வேறு. ஒரு கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் பேப்பரில் வந்தது. அதே பேப்பரில் இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனித் தலைவரின் பேட்டியும் வந்தது. மாமா அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்தார். "பேப்பர்லயே வந்திருக்குப்பா" என்று என்னிடம் காட்டினார். எங்கள் வங்கி அப்போது கொடுத்த வட்டி அதில் பாதி சொச்சம்தான். இவ்வளவு வட்டியை அவர்கள் எதில் சம்பாதித்துக் கொடுப்பார்கள் என்று ஒரு குமாஸ்தா கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் பெரியவர், நான் மைத்துனன், எதற்கு என்று இருந்துவிட்டேன். பேப்பரில் வருவது வேறு, பேப்பரில் போடுவது வேறு என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பதினாலு மாதம் வட்டி வந்தது. பிறகு ஒரு நாள் ஷட்டரில் பூட்டு. 1997-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. இத்தகைய கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. டெபாசிட்தாரர்களுக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த டான்பிட் சட்டம் இன்னொன்று. மாமாவுக்கு அவற்றால் கிடைத்தது, வழக்குக்கு அலைந்த பல வருடங்களுக்குப் பிறகு, போட்டதில் கால் பங்கு. அக்கா அந்தப் பேட்டித் துண்டை ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை. எதற்கு வைத்திருக்கிறாய் என்று நானும் கேட்டதில்லை.

பிறகு காலம் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. 2005 வாக்கில் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம், விளம்பரக் கட்டணத்துக்குப் பதிலாகக் கம்பெனிகளின் பங்கையே வாங்கிக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பற்றி அதே பத்திரிகை எழுதினால் வாசகன் என்ன நினைப்பான்? செபி இதைப் பிரஸ் கவுன்சிலிடம் எழுப்பியது. அப்படிச் செய்தி போடும்போது தன் பங்கைப் பத்திரிகை வெளியே சொல்ல வேண்டும் என்று 2010-இல் விதி வந்தது. விதி இருக்கிறது. பொடி எழுத்தும் இருக்கிறது. என் கண்ணாடிக்கு அது தெரிவதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்ப நான் அந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்றீங்களா?" என்றாள். அப்படிச் சொல்ல நான் யார்? அப்பா கட்டிய கல்லூரிக் கட்டணம் எனக்குத் தெரியும். நல்ல பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தால் அங்கே கிடைப்பதில் முக்கால்வாசிதான் முதல் வருடம் வரும் என்று அவளே விசாரித்து வைத்திருக்கிறாள். ஒன்று மட்டும் கேட்டேன். பாட்டி பணம் போட்டாரா? இல்லை. பேத்தி உண்மையைச் சொல்லித் தடுத்துவிட்டாள். அதைப் படித்த மற்ற பாட்டிகளுக்கு யார் சொல்வது என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் அந்த நிறுவனத்துக்கு எழுதி, கட்டுரையின் மேல் 'விளம்பரம்' என்று போடச் சொன்னாள். போட்டார்கள். மேலே அல்ல, அடியில், சாம்பல் நிறத்தில், 'கூட்டாளர் பகுதி' என்று. வேலைக்குப் பதில் சொல்ல அவளுக்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

அதற்குள் கணக்கு படிக்கப் பழக வேண்டும் என்று கேட்டாள். எந்தக் கம்பெனியின் அறிக்கையைக் கொடுப்பது என்று யோசித்து, கையில் கிடந்த நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்கையே கொடுத்தேன். போன மாதம் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்ததுதான். பெரும்பாலும் ஷூ ரேக்கின் மேல் இருக்கும். மூன்று நாளில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பிக் கொண்டு வந்தாள். ஜெனரேட்டர் டீசல் செலவு மூன்றாம் பக்கத்தில் ஒரு தொகை, ஆறாம் பக்க அட்டவணையில் வேறு தொகை. வித்தியாசம் 11,400 ரூபாய். பழக்க தோஷத்தில் ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், வகுபடவில்லை. பொருளாளரிடம் இருவரும் போனோம். அவர் கோபித்துக்கொள்ளாமல் வவுச்சர் கோப்பை எடுத்தார். மார்ச் மாத பில் ஒன்றை ஏப்ரலில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அது சேர்ந்திருக்கிறது, மற்றதில் விடுபட்டிருக்கிறது. திருத்திய பக்கம் இந்த இதழோடு உங்களுக்கு வருகிறது.

அவள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றியவை. பொதுக்குழுக் கூட்டத்தில் பதில் சொல்வதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார்.