மனைக்கு வந்த காந்தள்

சூடுதற்கும் தொழுதற்கும் மட்டுமன்றி, நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் பெயரிடவும் மலரைக் கொண்டவர் பழந்தமிழர். அவர்தம் குறிஞ்சி நில மலர்களுள் காந்தளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், செங்காந்தளையே முதலில் வைக்கிறார். திருமுருகாற்றுப்படையில் முருகன் முடியில் காந்தட் கண்ணி விளங்குகிறது. வேலன் வெறியாடும் துறைக்கே தொல்காப்பியர் காந்தள் எனப் பெயரிட்டார். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர்.

இவற்றில் வருவது மலையில் தானே பூத்த காந்தள். மனையில் ஒருத்தி தன் கையால் நட்ட காந்தளைக் காண விரும்புவோர் குறுந்தொகையின் 361ஆம் பாட்டிற்குச் செல்லல் வேண்டும். இதுவும் கபிலர் பாட்டே. தலைவனது மலையில் மாலையில் மழை பெய்கிறது. காலையில் பெருகிவந்த நீர், அம்மலைக் காந்தளைக் கிழங்கோடு பெயர்த்துக் கொணர்கிறது. தலைவி அதனை எடுத்து, மெல்லிய இலை குழையுமளவும் தழுவுகிறாள். பின் வீட்டிற்குக் கொண்டுசென்று நடுகிறாள். அன்னை அதனைத் தடுக்கவில்லை. அதற்குக் கைம்மாறாக உயர்நிலை உலகமும் சிறிதே எனத் தோழியிடம் நெகிழ்கிறாள் தலைவி. காட்டுச் செடியை மனையில் வளர்த்த வழக்கிற்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் விரிவான உரையுடன் உ.வே.சாமிநாதையரும் பதிப்பித்ததால் குறுந்தொகை நம் கைக்கு எட்டியது. செடியோ ஏட்டிற்குக் காத்திராமல் காடுதோறும் பூத்துக்கொண்டே இருந்தது. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவர நூலில் காந்தள் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் அதற்குக் ‘குளோரியோசா சூப்பர்பா’ என்று பெயரிட்டார். கிழங்கின் வடிவு கண்டு நம்மவர் கலப்பைக் கிழங்கு என்றனர். வடமொழியாரும் கலப்பையைக் குறிக்கும் சொல்லாலேயே லாங்கலி என்றனர். இந்தி வழங்கும் நாட்டில் அது கலிஹாரி. ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் காந்தள் அயற்செடி அன்று. லில்லிக் குடும்பத்தில் முன்னர் வைக்கப்பட்ட அதனை இன்றைய தாவரவியலார் வேறு குடும்பத்தில் சேர்ப்பினும், தோட்டக்காரர் வாயில் அது இன்னும் குளோரி லில்லியே.

தலைவி செய்ததை நாமும் செய்யலாம். ஓரடி ஆழத் தொட்டி போதும். செம்மண்ணும் மணலும் மக்கிய இலையுரமும் கலந்து, நீர் தேங்காதபடி அடியில் துளை விடல் வேண்டும். கிழங்கைப் படுக்கை வாட்டில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்து மூடுக. முளை கிழங்கின் நுனியில் இருப்பதால், நுனி ஒடிந்த கிழங்கு பெரும்பாலும் முளைப்பதில்லை. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாவதால், ஏறுதற்கு ஒரு கொம்பு நடுக. இளம்பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, முடிவில் செந்தீயென நிறம் மாறும் ஆறிதழ்ப் பூ, பார்ப்பவர் உழைப்பிற்குப் பரிசாகும்.

ஓர் எச்சரிக்கையை மறத்தல் ஆகாது. செடி முழுவதும், சிறப்பாகக் கிழங்கும் விதையும், கொல்லும் நஞ்சு. அந்நஞ்சாகிய கோல்ச்சிசினே அளவறிந்து பிரிக்கப்படும்போது மூட்டுநோய் மருந்தாகிறது. அதன்பொருட்டே தமிழ்நாட்டு உழவர் கண்வலிக் கிழங்கு எனக் காந்தளைப் பயிரிட்டு விதை எடுக்கின்றனர். வீட்டிலோ அதனை மருந்தென எவரும் தொடலாகாது. சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வளர்த்து, கிழங்கைத் தொட்ட கையை நன்கு கழுவுதல் கடன்.

பூத்து ஓய்ந்தபின் இலை பழுத்து, கொடி முற்றும் காய்ந்துவிடும். செடி இறந்தது எனத் தொட்டியைக் கவிழ்ப்போர் பலர். அஃது இறப்பன்று, உறக்கம். அப்போது நீரை நிறுத்தி, தொட்டியை உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். வடபுலத்துக் குளிர்காலம் இவ்வுறக்கத்திற்கு உரியது. குளிர் நீங்கி வெம்மை வந்தபின் மீண்டும் நீர் வார்த்தல் நன்று. அப்போது முளைப்பது பழைய கிழங்கு அன்று. அது தன் சத்தெல்லாம் ஈந்து சுருங்கிவிட, அதனிடத்தே தோன்றிய புதிய கிழங்கே முளைக்கிறது.

ஆற்று நீர் கொணர்ந்த கிழங்கு எந்த ஊர் மண்ணிலும் வேர் பிடிக்கும். அதற்கு நடுவோர் கையும், அதனைக் கடியாத அன்னையும் வேண்டும். நம் இல்லத்து இளையோர் ஒரு பாட்டையோ ஒரு சொல்லையோ ஒரு கிழங்கையோ ஆசையோடு கொண்டுவந்து நட முற்படுங்கால், இடம் ஒதுக்கித் தருதல் மூத்தோர் கடமை. கபிலர் காட்டிய அன்னை செய்தது அவ்வளவே. தலைவிக்கு அதுவே உயர்நிலை உலகத்தினும் பெரிதாயிற்று.