அஞ்சு குதிரை மோட்டார்

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போனால் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். தோவாளை வரைக்கும் வயல், வாழை, தென்னை என்று பச்சையாக வரும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, யாரும் இறைக்காமலேயே வயலுக்கு வந்து சேர்கிற பூமி அது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். காற்றாலைகள், செம்மண், உடைமரம். அங்கிருந்து வடக்கே பல ஊர்களில் விவசாயம் என்றால் கிணறு. கிணறு என்றால் மோட்டார்.

எங்கள் பாட்டா நாஞ்சில் நாட்டுக்காரர். மடையைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று மட்டுமே தெரிந்தவர். வள்ளியூர்ப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது, தோட்டத்துக் கிணற்றில் இருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து அசந்துபோனார்.

''எத்தனை குதிரை சம்பந்தி?''

''அஞ்சு குதிரை, அண்ணாச்சி.''

சின்னப் பையனான நான் ஓடிப்போய் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு குதிரையும் இல்லை!

அந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்பது பள்ளிக்கூடத்தில்தான் புரிந்தது. 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்கப் போனபோது, வாங்குகிறவர்கள், 'இது எத்தனை குதிரை வேலை செய்யும்?' என்றுதான் யோசித்தார்கள். அதுவரை ஆலைகளில் செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது குதிரைகள்தானே! வாட் கணக்குப் போட்டார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி தூக்கினால் அது ஒரு குதிரைத் திறன். மின்சாரக் கணக்கில் 746 வாட். ஆக, சம்பந்தி வீட்டு ரூமுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அஞ்சு குதிரைகள் நின்றுகொண்டிருந்தன.

இருக்கட்டும். நிஜக் குதிரைகள் நம் ஊரில் என்ன பாடு பட்டன தெரியுமா?

13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கும். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார். கொட்டிக் கொடுப்பது தங்கம். ஆனால், வருஷக் கடைசியில் எண்ணினால் 100 கூட உயிரோடு இருக்காது. குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்து வளர்த்தார்களாம்! நல்ல ஜாதிப் பெட்டைக் குதிரைக்கும் சோனிக் குட்டிதான் பிறக்கும், அதுவும் கால் கோணலாக.

இதெல்லாம் சீதோஷ்ணம் ஒத்துவராததால் என்று விட்டுவிடலாம். அடுத்து போலோ சொல்வதுதான் பகீர் என்கிறது. பாண்டிய நாட்டில் குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் கிடையாது. குதிரை விற்ற வியாபாரிகள் அப்படிப்பட்ட யாரையும் இங்கே கூட்டிவரவில்லை. வேறு யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். ஏன்? குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்!

ஒரு பொருளை வாங்கத் தெரிந்து, அதைப் பழுது பார்க்கத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? வருஷா வருஷம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி காயலில் இருந்து கோயம்புத்தூருக்கு வாருங்கள். அறுநூறு வருஷம் தாண்டி வர வேண்டும்.

கலங்கல் என்று ஒரு கிராமம். 1893 மார்ச் 23-ம் தேதி அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்த கோபால்சாமி துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறது! பையனுக்குத் தூக்கம் போய்விட்டது.

கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்தார். கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அக்கு அக்காகப் பிரித்துப் போட்டார். மறுபடி மாட்டினார். திரும்பவும் பிரித்தார். காயல் வியாபாரிகள் எந்த வித்தையை வரவிடாமல் தடுத்தார்களோ, அந்த வித்தையை இந்த கிராமத்துப் பையன் தானே கற்றுக்கொண்டான்.

அவர்தான் பின்னாளில் ஜி.டி.நாயுடு. 1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். டிரைவரும் அவரே. சில வருஷங்களில் அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது.

இங்கே கோவை ஜில்லாவின் கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். இரண்டு காளைகளைக் கமலையில் பூட்டி, பாரியில் இறங்கவும் ஏறவும் ஓட்டி, தோல் பறியில் தண்ணீர் இறைப்பார்கள். விடியற்காலையில் ஏற்றம் தொடங்கினால் வெயில் ஏறுகிற வரை மாடும் மனுஷனும் நடக்க வேண்டும். அப்படி இறைத்த தண்ணீர் எத்தனை பாத்திக்குப் பாயும்? காளை படுத்துவிட்டால் பயிரும் படுத்துவிடும்.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காராவில் இருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. மில்கள் முளைத்தன. கிணற்றுக்கும் கம்பி வரலாம் என்ற நிலை. ஆனால், மோட்டார்? கப்பலில்தான் வர வேண்டும். மறுபடியும் அதே காயல் கதை! காயில் புகைந்தாலும் பேரிங் போனாலும் சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து கோவையிலேயே ஒரு மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அரபு தேசத்துக் குதிரை நம் மண்ணில் குட்டி போடவில்லை. இந்தக் குதிரை போட்டது! கோவையைச் சுற்றி ஃபவுண்டரிகளும் பட்டறைகளும் பெருகி, மோட்டார், பம்ப்செட் என்றாலே கோவை என்று ஆனது. உங்கள் வீட்டுக் கிரைண்டர்கூட அந்த வம்சத்தில் வந்த குட்டியாக இருக்கலாம்.

நாயுடு இயந்திரத்தோடு நிற்கவில்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்த அதே குறுகுறுப்போடு செடிகளிடம் போனார். அவர் தோட்டத்தில் பருத்தி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது. பப்பாளி, சோளம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. படித்த விஞ்ஞானிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தப் பட்டமும் இல்லாத அந்த மனிதர் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். வருஷக்கணக்கில் இழுக்கிற படிப்பைச் சில வாரங்களில் கையால் செய்தே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. விலகிக்கொண்டார்.

1952-ல் சுமார் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகிற கார் ஒன்றைத் தயாரிக்கப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை. வரிக்கொடுமை என்று கொதித்துப் போய், தான் செய்த கருவிகளையே ஜனங்கள் முன்னால் உடைத்துப் போட்ட சம்பவமும் உண்டு. அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால், அந்தக் கூட்டத்திலும் கலங்கல் கிராமத்துத் துரைசாமி மாதிரி ஒரு பையன் நின்றிருப்பானே... உடைப்பதற்குப் பதில் அவன் கையில் ஒன்றைக் கொடுத்து, 'பிரிச்சுப் பாருடா' என்று சொல்லியிருக்கலாமே!

1974 ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10.1 கிலோ மீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாலத்தில் போகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு வேகமாகப் போய்விடுவார்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்றால், பாலத்தைவிட நல்ல இடம் ஒன்று எனக்குத் தெரியும்.

வள்ளியூரிலோ பணகுடியிலோ இறங்கிக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்று கண்ணில் படும். ஒடுங்கிய அறை. வாசல் முழுக்கக் கருகிய காயில்களும் கழற்றிய மோட்டார்களும். உள்ளே ஒருவர் சம்மணம் போட்டு, செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருப்பார். வெளியே ஒரு விவசாயி, ''சாயங்காலத்துக்குள்ள தந்திருவீயளா? பயிரு வாடுது'' என்று கேட்டுக்கொண்டிருப்பார். காயல் துறைமுகத்துக்கு வராமல் போன குதிரை வைத்தியர், சார் அவர்! அவர் இருப்பதால்தான் அந்த விவசாயி புது மோட்டார் வாங்கக் கடன் கேட்டு அலையாமல் இருக்கிறார்.

இப்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கிற செல்போனை எடுங்கள். அதைத் திறக்க ஒரு திருகாணியாவது வெளியே தெரிகிறதா? பேட்டரி போனால் என்ன சொல்கிறார்கள்? ''இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்!''

காயலில் கப்பல் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையன் ரிமோட்டையோ பழைய ரேடியோவையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து முதுகில் ஒன்று வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு வாருங்கள்.