ஸ்தவாங்கர் கப்பலுக்குக் கிடைத்த மன்னிப்பு

குற்றவாளியை ஆட்சித்தலைவர் தமது தனி அதிகாரத்தால் தண்டனையிலிருந்து விடுவிக்கும் மரபு 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் தூக்குமேடையோடு சேர்த்தே பேசப்பட்டது. எனினும், நார்வேயின் தென்மேற்குக் கரையிலுள்ள ஸ்தவாங்கர் துறைமுகத்தின் வரலாற்றோடு இணைந்துவிட்ட மன்னிப்பு கொலையாளி எவருக்கும் வழங்கப்பட்டதன்று. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு சிறு பாய்மரக் கப்பலுக்கும் அதன் தலைவருக்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825 நவம்பர் 15 அன்று வழங்கியது அது.

அந்தக் கப்பலை வாங்கி அனுப்பியவர்களுள் முதன்மையானோர் குவேக்கர்கள், அதாவது பாதிரியாரோ சடங்கோ இன்றி மௌனமாகக் கூடி வழிபடுவோரும், போரையும் சத்தியப் பிரமாணத்தையும் மறுப்போருமான கிறித்தவப் பிரிவினர். நெப்போலியப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, கரையோரம் கட்டி நிறுத்தப்பட்ட சிறைக்கப்பல்களில் அடைக்கப்பட்டிருந்த நார்வே மாலுமிகளுள் சிலர் அங்கே இக்கொள்கையைத் தழுவி, 1814-இல் ஊர் திரும்பியபின் ஸ்தவாங்கரில் ஒரு சிறு சபையை உருவாக்கினர். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய அனைத்தையும் லூத்தரன் அரசுத் திருச்சபையின் பொறுப்பிலேயே வைத்திருந்த சட்டம் அவர்களை ஓயாமல் இடித்துக்கொண்டிருந்தது. சிறைக்கப்பலில் மனம் மாறிய லார்ஸ் லார்சன் கெய்லானேயின் தலைமையில் அவர்களுள் ஒரு பகுதியினரும் அவர்களிடம் நாட்டம் கொண்ட பிறரும் நாட்டைவிட்டுப் புறப்பட முடிவு செய்ததற்கு, நிலமின்மையோடு இந்த நெருக்கடியும் காரணமாயிற்று.

‘ரெஸ்டவுராசியோன்’ என்ற அந்தக் கப்பல் ஏறத்தாழ 54 அடி நீளமும் 16 அடி அகலமும் உடையது. அதன் கொள்ளளவு 39 டன் மட்டுமே. 1825 ஜூலைத் தொடக்கத்தில் மாலுமிகள் உட்பட 52 பேருடன் ஸ்தவாங்கரை நீங்கிய அது, தெற்கே மதேய்ராத் தீவு வரை இறங்கி, பின்னர் மேற்கே திரும்பி, அக்டோபர் 9 அன்று நியூயார்க்கை அடைந்தது. மதேய்ராவுக்கு அருகே மிதந்துவந்த மதுப் பீப்பாய் ஒன்றை எடுத்துக் குடித்தவர்கள், கொடி ஏற்றாமலே துறைமுகத்துக்குள் நுழைந்ததால், கொள்ளைநோய்க் கப்பலோ என்று ஐயுற்ற கோட்டைக் காவலர் பீரங்கியைத் திருப்பினர் என்றும் சொல்லப்படுகிறது. வழியில் ஒருவரும் இறக்கவில்லை; செப்டம்பர் 2 அன்று லார்சன் தம்பதியருக்கு நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்ததால், இறங்கும்போது எண்ணிக்கை 53 ஆகியிருந்தது.

கப்பலில் நெருக்கியடைக்கப்பட்டுக் குடியேறிகள் மடிந்ததைத் தடுக்க அமெரிக்கா 1819-இல் இயற்றிய சட்டம், ஐந்து டன்னுக்கு இரண்டு பயணிகள் என வரம்பு விதித்து, மிகையான ஒவ்வொருவருக்கும் 150 டாலர் அபராதமும், மிகை இருபதைக் கடந்தால் கப்பலே பறிமுதல் என்ற விதியும் கொண்டிருந்தது. அதன்படி 21 பேர் மிகை எனக் கணக்கிடப்பட்டு 3,150 டாலர் அபராதம் விழுந்தது, கப்பல் கைப்பற்றப்பட்டது, கப்பல் தலைவர் லார்ஸ் உல்சன் ஹெல்லான் கைது செய்யப்பட்டார். பின்னர் அந்தக் கப்பல் ஏறத்தாழ 400 டாலருக்கே விலைபோனது என்பதை எண்ணினால், அக்கப்பலைப் போல் ஏழைக் கொடுத்தாலும் அடைபடாத தொகை அது என்பது விளங்கும். குடியேறிகளைக் காக்கப் பிறந்த சட்டம், ஓர் உயிரையும் இழக்காமல் வந்து சேர்ந்த குடியேறிகளைத் தண்டித்தது.

சட்டம் மீறப்பட்டதில் ஐயமில்லை என்பதால் வழக்காடி வெல்ல வழியில்லை. எஞ்சியது விண்ணப்பம் மட்டுமே. நியூயார்க் குவேக்கர்கள் துணைநிற்க அளிக்கப்பட்ட அந்த மனு குற்றத்தை மறுக்காமல், அந்நாட்டுச் சட்டமும் மொழியும் அறியாத எளியவர்கள் தீய நோக்கமின்றிச் செய்த தவறு என்றே வேண்டியது. சட்டம் தெரியாது என்பது நீதிமன்றத்தில் செல்லுபடியாகாத வாதம். மன்னிப்பு வழங்குபவரின் முன்னிலையில் மட்டுமே அதற்கு எடை உண்டு. ஆடம்ஸ் அதை ஏற்று அபராதத்தைத் தள்ளிக் கப்பலையும் தலைவரையும் விடுவித்தார். அதற்குள் பயணிகளுள் பலர் நியூயார்க்கை விட்டு, ஒன்டாரியோ ஏரிக்கரையில் கெண்டல் பகுதிக்குச் சென்றுவிட்டிருந்தனர்.

இத்தகைய அதிகாரம் அவர்கள் விட்டுவந்த நாட்டிலும் இருந்தது. நார்வேயின் 1814-ஆம் ஆண்டு அரசமைப்பின் 20-ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பின் குற்றவாளியை அமைச்சரவையில் மன்னிக்கும் உரிமையை மன்னருக்கு அளித்ததோடு, அம்மன்னிப்பை ஏற்பதா தண்டனையையே அனுபவிப்பதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைக் குற்றவாளிக்கும் அளித்தது. ஏற்றுக்கொள்ளப்படாத மன்னிப்பு செல்லாது என்ற முடிவுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1833-இல் வில்சன் வழக்கில் வந்தது. இன்று இந்திய அரசமைப்பின் 72, 161 ஆகிய பிரிவுகளின்படி குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் செல்லும் கருணை மனுக்களுக்குப் பின்னே இருப்பதும் ஆங்கிலேய முடியுரிமையிலிருந்து கிளைத்த இதே மரபுதான்.

ஆனால் கருணை மனிதரை விடுவிக்குமேயன்றிச் சட்டத்தை மாற்றாது. அடுத்து வரும் கப்பலுக்கும் ஐந்து டன்னுக்கு இருவர் என்ற கணக்கே காத்திருந்தது. ஊரில் தங்கிவிட்ட குவேக்கர்களுக்கு உண்மையான விடுதலை மன்னரின் மன்னிப்பால் வரவில்லை. தனியார் சமயக் கூட்டங்களை ஒடுக்கிய 1741-ஆம் ஆண்டு ஆணை 1842-இல் நீக்கப்பட்டதும், திருச்சபைக்கு வெளியே வாழும் கிறித்தவர்க்கு இடமளித்த சட்டம் 1845-இல் நிறைவேறியதுமே அதைத் தந்தன. 1836-இல் அடுத்த பெருங்குழு ஸ்தவாங்கரிலிருந்து இரு கப்பல்களில் புறப்பட்டபோது இவ்விரண்டும் நடக்கவில்லை. ஆடம்ஸின் கையொப்பம் ஒரு பயணத்தைக் காப்பாற்றியது. பயணத்துக்குத் தூண்டிய குறையைத் தீர்க்க நார்வேயின் நாடாளுமன்றத்துக்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.