பொருளற்ற அசைகளின் ஆசிரியர் யார்? டாக்கிங் ஹெட்ஸ் குறித்து

1975இல் நியூயார்க்கின் சிபிஜிபி இசைக்கூடத்தில் மேடையேறிய இக்குழுவின் தொடக்க இசை, டேவிட் பைர்னின் பதற்றக் குரலைச் சார்ந்திருந்தது. 1979இல் ‘ஐ ஸிம்ப்ரா’ பாடலுக்கு டாடாயியக் கவிஞர் ஹ்யூகோ பாலின் பொருளற்ற ஒலிக்கவிதையை எடுத்தாண்டபோது சொல் பின்வாங்கியது, தாளம் முன்வந்தது.

அதன் முதிர்ச்சியே ‘ரிமெய்ன் இன் லைட்’ (1980). ஃபெலா குட்டியின் ஆஃப்ரோபீட்டில் தோய்ந்த குழுவினர், தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுடன் கூடி வாசித்துத் தாளத்துணுக்குகளை அடுக்கினர். பைர்ன் முதலில் வெற்றசைகளைப் பாடி, அவற்றின் ஓசைக்கேற்ற சொற்களைப் பின்னர் தேடினார். ஆனால் பாடல்களின் ஆக்கவுரிமையில் பைர்னும் ஈனோவுமே முன்னிறுத்தப்பட்டனர். டீனா வேமவுத், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், ஜெர்ரி ஹாரிசன் மூவரும் கசந்தனர். அக்கசப்பு நியாயமானதே: வேமவுத்தின் பேஸ் கிதாரையும் ஃபிரான்ட்ஸின் டிரம்ஸையும் நீக்கினால் அப்பாடல்களில் எஞ்சுவது சொற்பம். ஈனோ விலகியபின், 1983இல் குழுவே தயாரித்த தொகுப்பு, ‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ என்று அவ்வெற்றசைகளையே பெயரில் ஏந்தி வந்தது.