ஓட்ஸ் மாவும் ஆயாவின் உலக்கையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் கேட்டாள். "அத்தை, ஓட்ஸ் மாவு கடையில ரெடியா விக்கிறான். வாங்கிடலாமா, இல்ல மெஷின்ல குடுத்து அரைச்சிக்கலாமா?"

"ரெண்டும் வேணாம்மா. நம்ம மிக்ஸியே போதும்" என்றேன்.

செய்தும் காட்டினேன். மசாலா, சர்க்கரை எதுவும் சேர்க்காத சாதாரண அவல் ஓட்ஸ் கால் கிலோ. வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம், நிறம் மாறாமல் வாசனை வரும்வரை வறுத்தோம். தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட்டோம். சூட்டோடு அரைத்தால் ஆவி தங்கி மாவு கட்டி தட்டும். பிறகு மிக்ஸியின் ஈரமில்லாத ஜாரில் விட்டுவிட்டு ஓட்டி, சல்லடையில் சலித்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடினோம். வறுத்து, ஆற வைத்து, அரைத்து, சலித்து எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதில் கை வேலை பத்து நிமிடம்கூட இல்லை.

மருமகள் போய்விட்டாள். எனக்குத்தான் மனம் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஆயா ஒரு வேளைக்குக் கம்பு மாவாக்க விடியற்காலையில் எழுந்து உலக்கை பிடிப்பாள். இந்த ஓட்ஸ் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக மாவாகிறது? முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை "ஏன் என்று கேள்" என்று சொல்லிப் பழகியவள் நான். எனக்கு நானே கேட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓட்ஸின் கதை. கோதுமை, பார்லி வயல்களில் களையாக முளைத்துக் கிடந்த புல்தான் ஐரோப்பாவில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் பயிரானது. குளிரும் மழையும் மிகுந்த, கோதுமை சரியாக விளையாத இடங்களில் இது விளைந்தது. அதனால் ஸ்காட்லாந்து ஏழைகளின் அன்றாட உணவாயிற்று. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியில் இதைக் குதிரைத் தீவனம் என்றும், ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் இதை உண்பார்கள் என்றும் கேலியாகப் பொருள் எழுதினார். நம் நாட்டிலும் வடக்கே ஓட்ஸ் என்றால் பெரும்பாலும் கறவை மாட்டுக்கு வெட்டிப் போடும் குளிர்காலப் பசுந்தீவனம்தான்.

குதிரைத் தீவனம் எப்படி டாக்டர் சீட்டில் ஏறியது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஆக்ரான் என்ற ஊர். ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போன பெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற மளிகைக்காரர் 1850-களில் அங்கே ஓட்ஸ் அரைத்து மனிதர் சாப்பிட விற்றார். 1877-இல் அதே மாநிலத்தில் க்வாக்கர் என்ற பெயர் வணிகக் குறியாகப் பதிவானது. அந்தக் காலத்தில்தான் உமி நீக்கிய ஓட்ஸை நீராவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே விட்டு அவலாக நசுக்கும் முறையும் பரவியது. நம் வீட்டு ஓட்ஸ் அந்த அவல்தான். 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்ட்ரால் குறைய உதவும் என்று பாக்கெட்டில் போட அனுமதித்தது. சுமார் 60 கிராம் ஓட்ஸில் அது கிடைக்கும். அதன்பின் உலகமெங்கும் ஓட்ஸுக்கு மரியாதைதான்.

இதில் நான் கவனிக்கத் தவறியிருந்த விஷயம் அந்த நீராவி. ஓட்ஸில் கொழுப்பு நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு இருக்கிறது. அதே தானியத்துக்குள் லிபேஸ் என்ற நொதியும் இருக்கிறது. தானியம் முழுசாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறையில் இருப்பது போல. உடைத்தால் கலந்துவிடும். நொதி கொழுப்பைச் சிதைக்கும், மாவு கசந்து சிக்கு வாடை அடிக்கும். அந்த நொதியைச் சூட்டினால் அடக்கிவிடத்தான் ஆலையில் ஆவி காட்டுகிறார்கள். ஆக, கஷ்டமான பாதி வேலையை ஆலை முன்னமே செய்துவிட்டது. நாம் மிக்ஸியில் செய்வது மிச்சம் பாதி.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கம்பு ஞாபகம் வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது முதலியார்பேட்டை. அப்பா ரோடியர் மில் தொழிலாளி. பாண்டிச்சேரியில் மாவுக்கும் பெரிய வாய்க்கால்தான் எல்லை என்று ஆயா சொல்வாள். வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் பக்கம், கோதுமை மாவில் ரொட்டி. மேற்கே நம் பக்கம் அரிசி, கேழ்வரகு, கம்பு. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நீள ரொட்டி போகவில்லை. வாய்க்காலைத் தாண்டி நம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஆனால் கம்பு போய்விட்டது.

ஆயா கம்பை லேசாக நீர் தெளித்து உரலில் குத்துவாள். முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடியும் குத்தி நொய்யாக்குவாள். மில் சங்கு ஊதுவதற்குள் களி இறங்க வேண்டும். மிஞ்சியது தண்ணீரில் ஊறி மறுநாள் கூழாகும். கேழ்வரகை மட்டும் திருகையில் ஒரு வாரத்துக்குச் சேர்த்து அரைத்து வைப்பாள். கம்பை அப்படி வைக்க மாட்டாள். "கம்பு அன்னன்னிக்கி குத்தணும்டி" என்பாள். அது கிழவியின் பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தோம்.

பிடிவாதம் இல்லை, கணக்கு. கேழ்வரகில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். மாவு மாதக்கணக்கில் கெடாது. கம்பில் ஐந்து பங்கு. ஓட்ஸுக்கு இருக்கும் அதே வியாதி கம்புக்கும் உண்டு. அரைத்த சில நாளில் கசக்கும். ஆயாவுக்கு லிபேஸ் தெரியாது. அதற்கு மருந்து அன்றாடம் குத்துவது என்று தெரியும். அந்த மருந்துக்கு விலை அவளுடைய தோளும் முதுகும்.

பிறகு தெருமுனையில் மாவு மெஷின் வந்தது. அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் ஐந்து கிலோவாகக் கொண்டுபோய் அரைத்து வரலாம். அன்றாடம் அரைக் கிலோ கம்புக்கு யார் மெஷினுக்கு நடப்பார்கள்? சேர்த்து அரைத்தால் கசந்துவிடும். இன்னொரு பக்கம், 1956-இல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. 1965, 66 வறட்சியில் அது இன்னும் கூடியது. எங்கள் பள்ளிக்கூடத்து மதிய உணவில் கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டவள் நான். ஐ.ஆர். 8 போன்ற புது நெல்லும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தபின் பாகூர்ப் பக்கமெல்லாம் நெல் பெருகியது. ரேஷன் கடையில் அரிசி கிடைத்தது. கம்பு ஏழையின் சோறு என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இந்தக் காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்த்துச் சொல்வது ஒன்று. உரலைச் சுற்றி இருந்த பெண்கள் எழுந்து போனார்கள், கம்பும் கூடவே எழுந்து போய்விட்டது. பெண்கள் எழுந்து போனதில் எனக்கு வருத்தமே இல்லை. என் அம்மா என்னை உலக்கை பிடிக்க விடாமல் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதால்தான் இன்று இதை எழுதுகிறேன். வருத்தம் வேறு. ஓட்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த ஆவி, நம் கம்புக்கு நம் வீடுகளில் கிடைக்காமல் போனதே என்பதுதான்.

இந்த இடத்தில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் கடைசி வருஷங்களில் அவருக்குச் சர்க்கரை. நான் டாக்டர் சொன்னபடி ஓட்ஸ் கஞ்சிதான் கொடுத்தேன். ஒருநாள் "கொஞ்சம் கம்பங்கூழ் கரைச்சிக் குடேன்" என்று கேட்டார். கடையிலிருந்து கம்பு மாவு பாக்கெட் வாங்கிக் காய்ச்சினேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "மாவு செத்துப்போச்சு" என்றார். வயதானவர்களுக்கு நாக்கு மரத்துப் போகும், ருசி தெரியாது என்று நினைத்து, பாதியை நானே குடித்துப் பார்க்கக்கூட இல்லை. அதன்பின் அவர் கேட்கவும் இல்லை. இப்போதுதான் புரிகிறது, அவர் நாக்கு சரியாகத்தான் இருந்தது.

சரி, இனி என்ன செய்யலாம்? ஓட்ஸிடம் கற்றதைக் கம்புக்குச் செய்யலாம். கம்பைக் கழுவித் துணியில் தளர்வாக முடிந்து, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி எடுங்கள். நீர் வடிந்ததும் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, பிறகு மிக்ஸியில் அரையுங்கள். நான் இரண்டு முறை செய்து பார்த்தேன். மூன்று வாரம் வரை கசக்கவில்லை. ஆனாலும் கொஞ்சமாக அரைப்பதே நல்லது.

ஓட்ஸ் மாவுக்கும் சில குறிப்புகள். இதில் கோதுமையின் பசைத்தன்மை இல்லை. தனியாகச் சப்பாத்தி இட்டால் விண்டுபோகும். மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு சேருங்கள். தோசைக்கு ஒரு கப் ஓட்ஸ் மாவு, அரிசி மாவும் ரவையும் கால் கால் கப், கொஞ்சம் தயிர், பத்து நிமிடம் ஊறல். குழம்பு நீர்த்துவிட்டால் ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும். ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க: எந்தத் தானியமும் நைசாக அரைக்க அரைக்கச் சீக்கிரம் செரித்து, இரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். ஆயா நொய்யாகக் குத்தியதிலும் ஒரு நன்மை இருந்தது. கஞ்சியைவிட அடையாகச் சாப்பிடுங்கள், கூடவே பருப்பும் காயும் இருக்கட்டும்.

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். ஊர்வலம், கண்காட்சி எல்லாம் நடந்தது. நம் அடுக்களைக்குக் கம்பு திரும்ப வேண்டுமானால் அதற்குப் பெருமை பேசினால் மட்டும் போதாது. ஓட்ஸ் போல வேலை குறைய வேண்டும். அந்த வேலையும் வீட்டில் ஒருத்தர் தலையில் மட்டும் விழக்கூடாது.

மருமகளிடம் இந்த வாரம் கம்பு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். துணியில் முடிந்து முக்குவது என் பையன் பொறுப்பு.

உங்கள் வீட்டில் கடைசியாக உலக்கை பிடித்தது யார்? எந்தத் தானியத்துக்கு? ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள். அடுத்த தலைமுறை படிக்கட்டும்.